சுவர் ஓரத்துப் பட்டைகள்: அலங்காரமா, அவசியமா?

தரையும் சுவரும் சேரும் இடத்தை யாராவது உற்றுப் பார்த்ததுண்டா? பெரும்பாலான வீடுகளில் அங்கே நாலு அங்குல உயரத்துக்கு ஒரு டைல்ஸ் பட்டை ஓடும். ஸ்கர்ட்டிங் என்பார்கள். சில வீடுகளில் கதவு நிலையைச் சுற்றி ஒரு மரப்பட்டை இருக்கும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் வளைவு வளைவாகக் கார்னிஸ் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து மோல்டிங் என்கிறார்கள்.

"பணம் இருக்கிறவன் வீட்டு ஜோடனை" என்பது ஒரு கட்சி. "பழைய ஃபேஷன், சுவர் என்றால் மொழுமொழுவென்று வெறுமையாக இருக்க வேண்டும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே ஒன்றை மறந்துவிடுகின்றன. இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் எப்போதும் ஒரு தகராறு இருக்கும். அதைத் தீர்த்து வைப்பதுதான் இந்தப் பட்டைகளின் முதல் வேலை. அழகெல்லாம் அதற்குப் பிறகு.

கதவு நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். பக்கத்தில் இருக்கும் சிமென்ட் பூச்சு அந்த அளவுக்கு அசையாது. ஆக, இரண்டுக்கும் நடுவில் மயிரிழை விரிசல் விழுந்தே தீரும். எவ்வளவு கெட்டிக்காரக் கொத்தனார் பூசினாலும் விழும். குடிபுகுந்த ஆறாம் மாதம் வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார். "வேலை சுத்தமில்லை" என்று மேஸ்திரியோடு சண்டை, பாக்கிப் பணத்தில் பிடித்தம். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை! அங்கே ஒரு மரப்பட்டை அடித்திருந்தாலோ, பூசும்போதே நிலையை ஒட்டி ஒரு காடி விட்டிருந்தாலோ விரிசல் அதற்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கும். பட்டைக்கு ஆகும் செலவு அந்தச் சண்டையைவிடக் குறைவு.

ஸ்கர்ட்டிங்கும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றித் துடைக்கும் ஊரில் அது இல்லையென்றால் சுவரின் அடிப்பாகம் ஒரே வருஷத்தில் பல்லிளிக்கும். பழைய சிவப்பு ஆக்ஸைடு தரைகளில் அதே சிவப்பைச் சுவரிலும் கொஞ்ச தூரம் ஏற்றியிருப்பார்கள், காரணம் இதுதான். இப்போது பரவிவரும் லேமினேட் தரைக்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பலகைகள் ஈரத்தில் விரியும் என்பதால் சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டுத்தான் பதிக்க வேண்டும். இடைவெளியை மறைப்பது ஸ்கர்ட்டிங்.

பள்ளிக்கூடச் சுவர்களில் பாதி உயரத்துக்கு ஆயில் பெயின்ட் அடித்து, மேலே ஒரு கோடு இழுத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதே உயரத்துக்குப் பக்கத்தில் மரச்சட்டம் அடித்தார்கள். அந்தக் காலத்தில் நாற்காலிகளை உபயோகிக்காத நேரத்தில் சுவரோடு தள்ளி வைப்பது வழக்கம். முதுகு இடித்துப் பூச்சு உதிரக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அங்கே நாற்காலி, இங்கே பிள்ளைகளின் கை. :-)

ஜோடனை என்று சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வந்து மரச்சட்டங்களை அடி அடியாகத் தள்ளத் தொடங்கியதும், விக்டோரியா கால ஆங்கிலேய வீடுகளில் மோல்டிங் அந்தஸ்தின் அளவுகோலாகிவிட்டது. விருந்தாளி உட்காரும் முன்னறையில் உயரமான ஸ்கர்ட்டிங்கும் பூவேலைக் கார்னிஸும் இருக்கும். உள்ளே போகப் போக இரண்டும் சுருங்கும். மாடியுச்சியில் வேலைக்காரர் படுக்கும் அறையில் அனேகமாக ஒன்றுமே இருக்காது. யார் முக்கியம், யார் இல்லை என்பது சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்!

இந்த மிகைக்கு எதிராகக் கிளம்பியவர்களில் பெயர் பெற்றவர் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ். அலங்காரம் என்பது உழைப்பையும் பொருளையும் விரயம் செய்வது, செய்கிற தொழிலாளிக்கும் அதில் நியாயமான கூலி கிடைப்பதில்லை என்பது அவர் வாதம். அவருடைய "அலங்காரமும் குற்றமும்" கட்டுரை 1913இல் பிரெஞ்சில் அச்சாகியது. (பப்புவா மக்களின் பச்சை குத்தலை நாகரிகமின்மைக்கு உதாரணமாகக் காட்டும் பகுதியைப் படிக்கவே கூச்சமாக இருக்கும்.) ஆனால் 1930இல் பிராகில் அவர் கட்டி முடித்த முல்லர் வீட்டுக் கூடத்தைப் பாருங்கள். பூவேலை கிடையாது, பதிலாக வரியோடிய பச்சைச் சலவைக்கல். வெறுமை மலிவு என்று யார் சொன்னது?

இன்றைய "ஸ்கர்ட்டிங் இல்லாத சுவர்" கதையும் அதேதான். பட்டை இருந்தால் கொத்தனாரின் கை கொஞ்சம் பிசகினாலும் அது மறைத்துவிடும். பட்டையை எடுத்துவிட்டால் பூச்சின் கடைசி ஓரம் நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும், டைல்ஸ் வெட்டு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். வேலையும் நாளும் கூடும், பிழையோ ஒளிய இடமில்லாமல் கண்ணில் குத்தும். எளிமை என்ற பெயரில் வீட்டுக்காரர் கேட்பது உண்மையில் ஆகக் கடினமான வேலையை. கூலி மட்டும் பழைய கூலி!

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்றும் நடக்கிறது. ஹால் சுவரில் செவ்வகம் செவ்வகமாகச் சட்டம் ஒட்டி, மேலே ஒரே நிறம் அடிப்பது. படங்களில் பார்த்திருப்பீர்கள். அசலில் அது மரச்சுவர். கனமான சட்டத்தில் காடி எடுத்து, மெல்லிய பலகையை ஒட்டாமல் சும்மா செருகி வைப்பார்கள், பலகை விரியவும் சுருங்கவும் இடம் வேண்டுமே! ஊரில் ஆசாரி செய்யும் பழைய பலகைக் கதவிலும் இதே கணக்குதான். அந்தச் சந்திப்பின் ஓரத்துக்குத்தான் மோல்டிங். இப்போது ஒட்டுகிற எம்.டி.எஃப். பட்டைக்கோ தெர்மோகோல் பட்டைக்கோ அடியில் எந்தச் சந்திப்பும் இல்லை, வெறும் சுவர்தான். போதாக்குறைக்கு ஈரம் பட்டால் சாதாரண எம்.டி.எஃப். ஊறிப் பருத்துவிடும்.

கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் இதற்குச் செலவழித்துவிட்டு, கதவு நிலைப் பட்டையைச் "தேவையில்லை" என்று வெட்டுவதுதான் வருத்தம். காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் ஸ்கர்ட்டிங், அடுத்தது நிலை ஓரம். கார்னிஸ் அதற்கப்புறம். செவ்வகங்கள் கடைசி வரிசை. அதையும் ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஸ்விட்ச் போர்டு எங்கெங்கே வருகிறதென்று பார்த்து முதலில் சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் மேல் பாதியும் சுவரில் பாதியுமாக உட்கார்ந்த ஸ்விட்ச் போர்டை அப்புறம் நகர்த்த வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டியதுதான்.