ஒரு வயது கூட்டியதால் வரும் வினை

அடுத்தவருடைய கிரெடிட் கார்டு எண்ணை வைத்துக்கொண்டு, போனில் ஏமாற்றிப் பேசி ஓ.டி.பி.யும் வாங்கிப் பொருள் வாங்குவதைச் சில பையன்கள் விளையாட்டாக நினைக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளின்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மோசடி வழக்கும் சேர்ந்தால் 7 ஆண்டு வரை போகும்.

குற்றம் நடந்த அன்று 18 வயது நிரம்பாதிருந்தால் கதை வேறு. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்-அப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் கண்டித்து அனுப்பலாம். பெற்றோரையே அபராதம் கட்டச் சொல்லலாம். மிஞ்சினால் 3 ஆண்டு வரை சிறப்பு இல்லம். 18 நிரம்பியவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

வயதுக்கு எது சாட்சி? முதலில் பள்ளிச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால் மருத்துவப் பரிசோதனை.

இங்கேதான் தாராவி போன்ற இடங்களில் பிழைக்க வந்த தமிழர்கள் யோசிக்க வேண்டும். பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. வாத்தியாரும் அப்படியே எழுதிக்கொண்டார். கமிஷன் ஆசையில் மாட்டிக்கொண்ட 17 வயதுப் பையனை அந்த ஏடு பெரியவர்களோடு கூண்டில் ஏற்றிவிடும். (ஆட்டி வைத்த ஆசாமி எங்கேயோ இருப்பான்!)

பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால், பையன் பள்ளியில் படிக்கும்போதே தலைமை ஆசிரியரைப் பார்த்துத் தேதியைத் திருத்திக்கொள்ளட்டும். வழக்கு வந்த பிறகு ஓடினால் யார் நம்புவார்கள்?