காகிதத்தில் சுற்றிய பொட்டலம்



சிக்கல் கடைத்தெருவில் அரிசி, பருப்பு வாங்குகிறவர்கள் எல்லாரும் காண அவற்றை எடுத்துச் செல்கிறார்கள். மாதவிலக்குக்கான நாப்கின் கேட்கும்போது மட்டும் பெண்ணின் குரல் தாழ்ந்துவிடுகிறது. கடைக்காரரும் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் இட்டுத் தருகிறார். குற்றம் ஒன்றும் செய்யாத அவள் எதை மறைக்கிறாள்?

நம் தாய்மார் பழந்துணியையே பயன்படுத்தினர். அதில் தவறில்லை. நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய துணி தூய்மையானதே. ஆனால் கொடியில் போட வெட்கம். ஆகவே சேலைக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் அது ஈரத்தோடு கிடந்தது. ஈரத்துணியால் புண்ணும் நோயும் வரும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத இராமநாதபுரச் சீமையில், ஒரு முழத் துணிக்கு வெயில் கிடைக்கவில்லை!

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் 1998இல் தம் மனைவி இவ்வாறு கந்தல் துணியை மறைத்துச் செல்வதைக் கண்டார். குறைந்த விலையில் நாப்கின் செய்ய முயன்றார். ஊரார் ஏசினர், மனைவியும் தாயும் சில காலம் அவரைப் பிரிந்து சென்றனர். ஆயினும் விடாமுயற்சியால் எளிய இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்வியந்திரத்தை மகளிர் குழுக்களுக்குக் கொடுத்து, பெண்களே செய்து பெண்களுக்கே விற்கும்படி செய்தது அவருடைய பெருமை.

அரசும் பின்தங்கவில்லை. தமிழக அரசு 2012இல் தொடங்கிய ‘புது யுகம்’ திட்டம், கிராமத்தில் வாழும் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதங்களுக்கு மூன்று பொட்டலங்கள் வீதம், ஆண்டுக்கு 18 பொட்டலங்களை இலவசமாக வழங்க வகை செய்தது. நாப்கின் மீதான சரக்கு, சேவை வரி 2018 ஜூலையில் நீக்கப்பட்டது.

வணிக நிறுவனங்களும் இப்போது அறப்பணி பேசுகின்றன. மாதவிலக்கு நாளில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற எண்ணத்தை ‘விஸ்பர்’ நிறுவனம் 2014இல் விளம்பரத்தின் வழியே சாடியது. நல்ல செய்திதான்; கூடவே சரக்கும் விற்கிறது. அதை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், யார் இலவசமாகக் கொடுத்தாலும் சில கேள்விகள் கேட்போம். அடுத்த மாதம் இப்பெண் என்ன செய்வாள்? பயன்படுத்தியதை எங்கே போடுவாள்? பொட்டலத்தை ஏந்தி வரிசையில் நின்று படமெடுக்கப்பட்ட சிறுமி மானத்தோடு வீடு திரும்பினாளா?

பொருளைக் கொடுப்பது எளிது. மனத்தை மாற்றுவது அரிது. அந்த இயந்திரம் பிறந்த கோவை மாவட்டத்திலேயே 2025 ஏப்ரலில், ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி, மாதவிலக்கின் காரணமாக வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வு எழுத நேர்ந்தது. கையில் நாப்கின் இருந்தும் வாசலுக்கு உள்ளே இடமில்லை என்றால், நாம் கொடுத்த கொடையின் பயன் என்ன?

நம் வீடுகளிலும் ‘தூரம்’ என்று ஒதுக்கும் வழக்கம் உண்டு. அந்நாளில் கோவிலுக்குப் போகலாமா என்று தயங்கும் சகோதரிகளும் உண்டு. 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த புனித பெரிய கிரகோரியார், இங்கிலாந்தில் மறைபரப்பிய அகுஸ்தீனார் கேட்டதற்கு, அந்நாட்களில் பெண் ஆலயம் வருவதையோ நற்கருணை உட்கொள்வதையோ தடுக்கலாகாது என்றே மறுமொழி எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண் நம் ஆண்டவரின் ஆடையைத் தொட்டபோது, அவர் விலகவில்லை. கூட்டத்தின் நடுவே அவளை மகளே என்று அழைத்தார். மறைந்து வந்தவள் தலைநிமிர்ந்து சென்றாள்.

ஆகவே தாய்மார்களே, முதல் நாள் வந்து பிள்ளை அஞ்சுமுன்னரே அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். துணியானால் வெயிலில் உலர்த்துங்கள். நாப்கினானால் பயன்படுத்திய பிறகு காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இடப் பழக்குங்கள். ஊரணிக் கரையில் எறிய விடாதீர்கள்.

தந்தையரே, அடுத்த முறை கடைக்கு நீங்களே செல்லுங்கள். கடைக்காரர் செய்தித்தாளை எடுத்தால், “சுற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள்” என்று சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் செய்யும் இந்த அறத்துக்கு ஒரு காசும் கூடுதலாக ஆகாது.