பச்சையா இருக்கிற கல்வராயன் மலை, டிவியில ஏன் சாம்பலா தெரியுது?

கள்ளச்சாராயம் பற்றிய செய்தித் தொகுப்புகளில் இந்த மலையைப் பார்த்திருப்பீங்க. மங்கலான நீலம், சாம்பல் மூட்டம், பின்னணியில் திகில் இசை. நேரில் போனால் மேகம் அருவி, பெரியார் அருவி, கண்ணுக்கெட்டிய வரை பச்சை!

எப்படி மாறுது? எடிட்டிங்கில் 'சாச்சுரேஷன்' அளவைக் குறைத்தால் நிறம் வடிந்துவிடும். நிழலில் கொஞ்சம் நீலம் ஏற்றினால், பட்டப்பகலும் ஏதோ விபரீதம் நடக்கப்போற நேரம் மாதிரி ஆகிடும். முகத்தில் ரத்த ஓட்டமே தெரியாது. ஆடு மேய்க்கிறவர்கூட சந்தேக நபராகத் தெரிவார்.

சிக்கலே அங்கதான். மலையில் சாராய ஊறல் போடுவது கட்டுக்கதை இல்லை. போலீஸ் அழிக்கும் செய்தி அடிக்கடி வரும். ஆனால் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த சம்பவத்தின் மையம் மலை இல்லை, கள்ளக்குறிச்சி நகரில் உள்ள கருணாபுரம். உயிரைப் பறித்தது மெத்தனால் என்ற ஆலை ரசாயனம். அதற்கு நிறமே கிடையாது. பார்க்க தண்ணீர் மாதிரி இருக்கும். திகில் காட்ட நினைக்கும் எடிட்டருக்கு அதில் வேலையே இல்லை. அதனால் பழி மலைக்காட்சி மேல விழுது, அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் மேலயும்.

அந்த மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்ததும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.