தாம்சன் சாலைப் பந்தயத்தை நிறுத்தியது சரிதான்

மரினா பே பக்கம் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வேலி கட்டத் தொடங்கினாலே போதும், எங்கள் காப்பிக்கடையில் பேச்சு அப்பர் தாம்சன் சாலைக்குத் தாவிவிடும். “அதுவல்லவா பந்தயம்! அநியாயமாக நிறுத்திவிட்டார்கள்” என்று என் வயதுக்காரர்கள் அங்கலாய்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1973க்குப் பிறகு அந்தப் பந்தயத்தை நடத்தாமல் விட்டது நல்ல முடிவு. அந்தச் சாலையில் பல ஆண்டுகள் 167ஆம் எண் பேருந்து ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இளையர்களுக்காக ஒரு சிறு வரலாறு. சுற்றுப்பயணிகளை ஈர்க்க 1961ல் ‘ஓரியண்ட் இயர் கிராண்ட் பிரீ’ என்ற பெயரில் பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது மலேசிய கிராண்ட் பிரீ ஆனது. நாம் தனிநாடான பின், 1966லிருந்து சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. 1962ல் யோங் நாம் கீ ஜாகுவார் இ-டைப் காரில் வென்றார். நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் 1969, 1970, 1971 என மூன்று முறை தொடர்ந்து வென்றார். கடைசிப் பந்தயம் ஆஸ்திரேலியாவின் வெர்ன் ஷுப்பானுக்கு.

ஒரு சுற்று ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர். ‘தாம்சன் மைல்’ என்ற நேர்சாலையில் முழு வேகம் பிடிப்பார்கள். பிறகு பழைய அப்பர் தாம்சன் சாலையின் காட்டுக்குள் ‘ஸ்னேக்ஸ்’ என்ற அடுத்தடுத்த வளைவுகள், ‘டெவில்ஸ் பெண்ட்’ என்ற கொடும் திருப்பம். பெயர்களைக் கேட்டாலே ஓட்டுநர்கள் பட்ட பாடு புரியும்.

விடுமுறை நாள்களில் அந்தப் பழைய சாலையில் நடக்கப் போவேன். தொழில் பழக்கம் போகுமா? கண் முதலில் சாலையின் ஓரத்தைத்தான் பார்க்கும். தார் முடியும் இடத்திலேயே வடிகால், அதைத் தாண்டியதும் மரம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது வளைவுக்குள் போனால்தான் தெரியும். பேருந்தை இப்படிப்பட்ட சாலையில் ஓட்டினால் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். பந்தயக்காரர்களோ விளக்குக் கம்பத்தையும் பேருந்து நிறுத்தத்தையும் உரசாத குறையாக, முழு வேகத்தில் போனார்கள். நம்மூர் மழையும் சும்மா இருக்கவில்லை. 1964ல் கனமழையால் பந்தயம் பாதியிலேயே கைவிடப்பட்டது.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பந்தயம் என்றால் அவருக்குத் திருவிழா. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் நின்றுவிடுவார். அம்மாவின் கணக்கு வேறு. நகரத்துக்குப் போகும் சாலையை அடைத்துவிட்டால், சிராங்கூன் ரோட்டில் சாமான் வாங்க மண்டாய், புக்கிட் தீமா என்று ஊரைச் சுற்ற வேண்டும். “நாலு பேர் கார் ஓட்ட, நாடே வழி விடணுமா?” என்பார். அப்பாவிடம் அதற்குப் பதில் இருந்ததில்லை.

1972லும் 1973லும் அடுத்தடுத்துப் பந்தயத்தில் உயிர்ப்பலி நேர்ந்தது. சாலையில் வாகனங்களும் ஆண்டுக்காண்டு பெருகின. பல மணி நேரம் அடைத்து வைப்பது கட்டுப்படியாகவில்லை. பந்தயம் போனது. பார்க்கக் கூட்டம் இருந்தது, ஊருக்குப் பெயரும் கிடைத்தது. கூட்டமும் பெயரும் இருக்கும்போது “போதும்” என்று சொல்வதுதான் கடினம். சுதந்திரம் பெற்று எட்டே ஆண்டுகளான நாடு அதைச் சொன்னது.

அந்தச் சாலைக்கும் நட்டமில்லை. பக்கத்தில் 2019ல் தாம்சன் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அருகிவரும் ராஃபிள்ஸ் மந்திகள் அடிபடாமல் கடக்கச் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் மனிதர்களுக்கே பாதுகாப்பில்லாத சாலையில் இன்று குரங்குக்கும் வழி இருக்கிறது. இதை முன்னேற்றம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் மரினா பே பந்தயமும் வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 2008ல் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயத்தை நடத்தினோம். கான்கிரீட் தடுப்பு, கம்பிவலை என்று தாம்சன் சாலையில் இல்லாதவை எல்லாம் அங்கே உண்டு. பாதுகாப்புக் கேள்விக்குப் பெருமளவு விடை கண்டாயிற்று. ஆனால் அம்மாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. சாலை அடைப்பால் சுற்றிப் போகும் பேருந்துப் பயணி, வாடிக்கையாளர் வராத சிறு கடைக்காரர், மாற்றுப்பாதையில் நேரத்தைத் தொலைக்கும் ஓட்டுநர் ஆகியோர் கணக்கை யார் எழுதுகிறார்கள்? சுற்றுப்பயணிகள் தரும் வருமானம் மட்டும் தலைப்புச் செய்தியாகிறது.

இப்போதைய ஒப்பந்தம் 2028 வரை. அதை நீட்டிப்பதற்கு முன் வரவையும் செலவையும் மட்டுமல்லாமல் பேருந்துப் பயணிகளும் சிறு கடைக்காரர்களும் ஓட்டுநர்களும் படும் சிரமத்தையும் கணக்கெடுத்து மக்கள் முன் வையுங்கள். கணக்கு நேராக இருந்தால் பந்தயம் தாராளமாக நடக்கட்டும். இல்லையென்றால் நிறுத்தத் தயங்க வேண்டாம். நிறுத்தியதால் சிங்கப்பூர் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை என்பதற்கு தாம்சன் சாலையே சாட்சி.