மனை வாங்கும் நாம் இயந்திரம் வாங்குவோமா?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்று பேசும்போது ஆனையூர்ப் பகுதியில் பெரும்பாலும் இரண்டு பேச்சுகளே காதில் விழுகின்றன. ஒன்று வளைகுடா விசா. மற்றொன்று மனை. ஆனையூர் தனி நகராட்சியாக இருந்து மதுரை மாநகராட்சியோடு இணைந்தபின் இரண்டாவது பேச்சு முதலாவதை விஞ்சிவிட்டது. எந்தத் தெருவில் சென்ட் என்ன விலை, எந்த இடத்திற்கு அங்கீகாரம் உண்டு என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அதே வாயிலில் சற்று ஒதுங்கி நிற்கும் லேத் பட்டறைச் சகோதரரிடம், "உங்கள் தொழிலுக்கு என்ன தேவை?" என்று எவரும் கேட்டதை நாம் கண்டதில்லை.

அவருடைய தேவை இன்று ஒன்றுதான்: ஒரு சி.என்.சி. லேத். புதூர்த் தொழிற்பேட்டையிலும் கப்பலூரிலும் உள்ளவை போன்ற சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளுக்கு ஜாப் வொர்க் செய்து வாழ்பவை. ஆலை தரும் வரைபடத்தில் ஒரு ஷாஃப்ட்டின் விட்டத்திற்கு 0.01 மில்லிமீட்டர் வரைதான் விலகல் அனுமதி என்றிருக்கும். தலைமுடியின் தடிமனில் அது ஒரு சிறு பங்கு. தேர்ந்த கைக்கு அந்த அளவில் ஒன்றைக் கடைந்து தருவது அரிதன்று. ஐந்நூறையும் அதே அளவில் தருவதே அரிது. மாலை நான்கு மணிக்குக் கையும் கண்ணும் சோர்ந்த நேரத்தில் வரும் முந்நூறாவது துண்டு, காலையில் செய்த முதல் துண்டைப் போல் இருப்பதில்லை. அங்கே பேரிங்கை அழுத்திப் பொருத்துவதையும் இயந்திரமே செய்யுமானால், சற்றுப் பெருத்த ஒரு துண்டு வரிசை முழுவதையும் நிறுத்திவிடும். ஆகவேதான் ஆலைகள் கையால் கடைந்ததை வேண்டாம் என்கின்றன.

இயந்திரம் வந்தால் கைத்திறனுக்கு வேலை இராது என்று சிலர் அஞ்சுகின்றனர். நாம் விசாரித்தவரை உண்மை அத்தனை எளிதன்று. நீள அளவுகள் யாவும் 20 டிகிரி வெப்பத்திற்கு என்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. மதுரையின் சித்திரை வெயிலில் பட்டறைக்குள் 40 டிகிரி. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட் அந்த வெப்பத்தில் 0.01 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே பெருத்து நிற்கும். அலுமினியமானால் ஏறத்தாழ இரு மடங்கு. அப்போதே கடைந்து எடுத்த துண்டோ இன்னும் சூடு. அதை ஆறவிட்டு அளக்க வேண்டும், இன்சர்ட் தேயத் தேய ஆஃப்செட்டைத் திருத்த வேண்டும் என்பதெல்லாம் இருபது ஆண்டுகள் லேத்தின் முன் நின்றவருக்குத் தெரிந்தவை. இயந்திரத்திற்கு அவை தாமாகத் தெரிவதில்லை. அந்த மனிதரிடம் அறிவு இருக்கிறது. இயந்திரம் வாங்கும் பணம்தான் இல்லை.

பழைய இயந்திரமானாலும் பல இலட்சம் ஆகும். வங்கிக்குப் போனால் வட்டி. சிறுபான்மையினருக்கான டாம்கோ கடனும் வட்டியோடுதான் வருகிறது, குறைந்த வட்டி என்பதைத் தவிர. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. பல ஆண்டுகள் பேசப்பட்ட பின், 2017இல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று முடித்துவிட்டது. ஆக, வட்டிக்கு அஞ்சும் சகோதரர் பழைய லேத்தோடு நின்றுவிடுகிறார்; ஆர்டர் வேறிடம் போகிறது. அஞ்சாதவர் கடன் வாங்கி, ஒவ்வொரு தவணையிலும் மனம் உறுத்தியபடி கட்டுகிறார். இவர்கள் இருவரையும் பார்த்து "வட்டி ஹராம்" என்று பயான் கேட்டுவிட்டு நாம் மனை பார்க்கப் போய்விடுகிறோம்.

தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்ததாக அல்லாஹ் சூரத்துஸ் ஸபஃவில் கூறுகிறான். கவசம் செய்யுமாறு பணித்த அவ்விடத்திலேயே, அதன் வளையங்களைச் சரியான அளவில் கோக்கும்படியும் கட்டளை வருகிறது. தம் கையுழைப்பில் உண்டவர் என்று அந்த நபியை நம் நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். அளவு தவறாத இரும்பு வேலை நபிமார்களின் தொழில் என்று மேடைதோறும் சொல்லும் சமுதாயம், அத்தொழிலில் ஒரு ரூபாயும் இறக்குவதில்லை என்பதே நம் குறை.

மார்க்கம் இதற்கு வழி வைத்திருக்கிறது. கதீஜா (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்திற்கு வணிகம் செய்யச் சென்ற வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது என்னும் முளாரபாவும், இருவரும் முதல் போடும் முஷாரகாவும் நம் ஃபிக்ஹு நூல்களில் விரிவாக உள்ளன. இருபது இலட்சம் பெறும் ஓர் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். ஐவர் மும்மூன்று இலட்சம் போட, பட்டறைக்காரர் ஐந்து போடலாம். மின்சாரம், இன்சர்ட், கூலி, தேய்மானம் போக நிற்கும் இலாபம் பேசிய விகிதப்படி. நட்டம் முதலின் விகிதப்படி. பட்டறைக்காரர் ஆண்டுதோறும் மற்றவர் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி முழு உரிமையாளராகவும் ஆகலாம்.

"அவர் காட்டும் கணக்கை எப்படி நம்புவது?" என்பதே வணிகச் சகோதரர்கள் வழக்கமாகச் சொல்லும் தடை. நியாயமான கேள்விதான். ஆனால் தானியங்கி இயந்திரம் அந்தத் தடையைப் பெருமளவு நீக்கிவிடுகிறது என்பதை நாம் கவனிக்கவில்லை. கை லேத்தில் ஒரு நாளில் எத்தனை துண்டு கடைந்தார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். சி.என்.சி.யின் திரையிலோ எண்ணிக்கை ஓடுகிறது. ஒரு துண்டுக்கு நான்கு நிமிடம் என்றால் மணிக்குப் பதினைந்து. ஏற்றி இறக்கும் நேரமும் அளக்கும் நேரமும் கழித்தால் எட்டு மணிநேரத்தில் நூறு அளவில் நிற்கும். அந்த எண்ணைப் பூஜ்யமாக்கவும் முடியும் என்பது உண்மையே. அதனால்தான் ஜி.எஸ்.டி. பில்லோடும் ஆலைக்குப் போன சலானோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் பொருந்தினால் போதுமான கணக்கு அது.

நமக்குப் பெரிய அச்சம் வேறு. "இலட்சத்திற்கு மாதம் இவ்வளவு கொடுத்துவிடுங்கள், கணக்கு எதற்கு?" என்று முதல் போடுபவரே கேட்பார். இலாபம் என்று பெயரிட்டாலும் அது வட்டியே. வாடகைக்குக் கொடுத்தால் குறித்த தொகை வாங்கலாம்; ஆனால் ஸ்பிண்டில் பேரிங் தானாகப் போனால் செலவு இயந்திர உரிமையாளருடையது. அதற்குத் தயாரா என்று முதலில் நம்மையே கேட்க வேண்டும். ஆஃப்செட்டைத் தவறாகப் பதித்து டூல் மோதி உடைந்தால் அது தொழில் நட்டமா, கவனக்குறைவா? இதையும் இயந்திரம் வருமுன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைச் சாட்சியோடு எழுதுவதைப் பற்றியது. 2019இல் பெங்களூரில் ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. மூடப்பட்டபோது பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து நின்றன. பணம் எங்கே உழைக்கிறது என்று அவர்களில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததில்லை. நாம் சொல்லும் கூட்டில் பணம் போன இடத்தை இருசக்கர வண்டியில் சென்று தொட்டுப் பார்த்து வரலாம்.

பட்டறையில் எடுபிடி செய்யும் இளைஞரை மறந்துவிடக் கூடாது. ஒருவரே இரண்டு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதால் முதலில் வெளியேறுபவர் அவரே. அவருக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கவும் புரோகிராம் படிக்கவும் கற்றுத் தருவது ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக இருக்கட்டும். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தும் திட்டத்தை 2022இல் தொடங்கியது. நம் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதைத் தகுதிக் குறைவாக எண்ணும் வழக்கமும் மாற வேண்டும்.

இன்னொன்று. விற்பதற்கென வாங்கிப் போட்ட மனைக்கு ஆண்டுதோறும் சந்தை விலையில் ஸகாத் உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வரும் ரமளானில் அந்தக் கணக்கைப் போட உட்காரும்போது, எத்தனை சென்ட் எத்தனை ஆண்டுகளாக முள் முளைத்துக் கிடக்கிறது என்று பார்த்துக்கொள்வோம். ஒரு மஹல்லாவுக்கு ஓர் இயந்திரம், அதுவும் பழையதே போதும், தொடங்குவதற்கு. ஆலிம் ஒருவரும் ஆடிட்டர் ஒருவரும் அமர்ந்து ஒப்பந்தம் எழுத இரண்டு மாலைப் பொழுது ஆகும். அதற்கு முன், முதல் போட நினைப்பவர்கள் ஒரு நாள் பட்டறைக்குப் போய் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். ஜும்ஆ முடிந்த பிறகும் அங்கே வேலை நடக்கிறது.