நிற்க வேண்டிய பேருந்து

பேருந்தின் தரைப் பலகை உளுத்துவிட்டதா என்று அறிய ஒரு திருப்புளி போதும். பின்சக்கரத்துக்கு மேலே, ஜன்னலோர சீட்டுக்கு அடியில் அதன் முனையை வைத்து அழுத்த வேண்டும். நல்ல பலகை என்றால் முனை வழுக்கும். உளுத்த பலகை என்றால் டீயில் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கும். சுத்தியலும் சொல்லிவிடும். தட்டும்போது ‘டக்’ என்று கேட்டால் கீழே இரும்பு தாங்குகிறது. ‘பொத்’ என்று கேட்டால் தாங்க எதுவும் இல்லை.

நான் அரசுப் பேருந்துப் பணிமனையில் 31 ஆண்டுகள் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எந்த ஊர், எந்தப் பணிமனை என்பது இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது தமிழ்நாட்டின் எந்த நகரத்து டவுன் பஸ்ஸுக்கும் பொருந்தும்.

2024 பிப்ரவரியில் சென்னை அமைந்தகரை அருகே ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தின் பலகை உடைந்து, ஒரு பெண் பயணி அந்த ஓட்டைக்குள் விழுந்தார். கூட இருந்தவர்கள் கூச்சல் போட்டு வண்டியை நிறுத்தியதால் உயிர் பிழைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியில் பேருந்து ஒரு வளைவில் திரும்பியபோது, நடத்துநர் தன் இருக்கையோடு பெயர்ந்து சாலையில் விழுந்தார். அதன் பிறகு எல்லா அரசுப் பேருந்துகளையும் 48 மணி நேரத்துக்குள் ஆய்வு செய்யும்படி தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்கும் 12 ஆண்டுகளுக்கு முன்பு, 2012 ஜூலையில், தாம்பரம் அருகே தனியார் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன.

அமைந்தகரைச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஓட்டை எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றை மேலே மூடி அனுப்பியவனும் நான்தான்.

டவுன் பஸ்ஸின் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் எண்ணக் கூடாது. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 10 ஆண்டில் 7 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிடும். அதைவிடப் பெரிய கணக்கு நிறுத்தங்களின் கணக்கு. 20 கிலோமீட்டர் சிங்கிளில், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஒரு நடையில், 30 நிறுத்தம் என்றால் ஒரு நாளில் 300 நிறுத்தம். சிக்னல் தனி. ஒவ்வொன்றிலும் பிரேக், கிளட்ச், மறுபடி ஃபர்ஸ்ட் கியர். ஓராண்டில் ஒரு லட்சம் தடவைக்கு மேல். சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கிலோமீட்டர் போகும் வண்டி வழியில் நிற்பதை விரல் விட்டு எண்ணலாம். ஒரே கம்பெனியின் சேஸிஸ், ஒரே ஆண்டில் வாங்கியது என்றாலும் இரண்டு வண்டிகளும் ஒன்றல்ல. டவுன் பஸ் சீக்கிரம் கிழடாகிவிடும்.

அதற்கு மேல் பாரம். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் காலையில் தொண்ணூறு பேர் ஏறுவார்கள். இடதுபக்கப் படியில் தொங்கும் கூட்டத்தால் வண்டி ஒருபக்கமாகச் சாயும். அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் தொய்யும், பாடியைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளரும்.

அதற்கும் மேல் தண்ணீர். மழை ஜன்னல் காடி வழியாக இறங்கித் தரையின் ஓரத்தில் தேங்கும். கீழிருந்து சக்கரம் சேற்றை வாரி அடிக்கும். மேலும் கீழும் ஈரம் சந்திக்கிற இடம் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள பகுதி. பலகை முதலில் போவது அங்கேதான். பலகைக்கு முன்பே, அதைத் தாங்கும் குறுக்கு இரும்பு செதில் செதிலாக உரிய ஆரம்பித்திருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதை இரண்டு மடங்கு வேகமாகச் செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைச் சாலைகள் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். அப்படி முட்டளவுத் தண்ணீரில் நீந்திவந்த வண்டியின் சக்கரக் குடத்தைத் திறந்தால், கிரீஸ் மோர்போல வெளுத்துக் கரைந்திருக்கும். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைக்காமலும் அந்த வண்டி மறுநாள் ஓடும். மறுமாதமும் ஓடும். வெள்ளத்தை எல்லோரும் மறந்த பிறகு ஒரு நாள் சக்கரம் இறுகி நடுரோட்டில் நிற்கும்.

வண்டி இப்படி நோகிறது என்பது ஓட்டுநருக்குத்தான் முதலில் தெரியும். டூட்டி முடிந்ததும் லாக் ஷீட்டில் எழுதுவார்: ‘பிரேக் இடதுபக்கம் இழுக்கிறது’, ‘ஏர் நிற்கவில்லை’, ‘ஸ்டியரிங் ஆட்டம்’. எதிரே உள்ள கட்டத்தில் நாங்கள் ‘அட்டெண்டட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகரத்துப் பேருந்துகளின் ஆரோக்கியம் முழுவதும் அந்த ஒற்றைச் சொல் உண்மையா பொய்யா என்பதில் இருக்கிறது.

ஒரு முறை ஒரு ஓட்டுநர் தொடர்ந்து மூன்று நாள் ஒரே வரியை எழுதினார்: ‘இடது பின்சக்கரத்துக்கு மேல் பலகை ஆடுகிறது.’ மூன்றாம் நாள் இரவு ஷிப்டில் நான் இருந்தேன். வண்டியை அடியிலிருந்து பார்ப்பதற்கான குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். குறுக்கு இரும்பில் ஒரு முழ நீளம் மண்ணாக உதிர்ந்திருந்தது. முறையாகச் செய்வதென்றால் சீட்டைக் கழற்ற வேண்டும், பலகையைப் பெயர்க்க வேண்டும், துருப்பிடித்த இரும்பை வெட்டிப் புது ஆங்கிளை வெல்டு வைக்க வேண்டும், ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டுப் புதுப் பலகை போட வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை. காலை 4.40-க்கு அந்த வண்டி வெளியே போயாக வேண்டும். அதற்குப் பதிலாக அனுப்ப ஒரு வண்டியும் இல்லை. ஒரு சிங்கிள் ரத்தானால் விளக்கம் கேட்பார்கள். பலகை ஆடினால் யாரும் கேட்பதில்லை. ஒரு தகரத்தை வெட்டி மேலே வைத்து ரிவெட் அடித்தேன். அரை மணி நேரம் ஆனது. ‘அட்டெண்டட்’ என்று எழுதினேன்.

மறுநாள் மாலை ஒரு பூக்கார அம்மாவின் கால் தகரத்தோடு உள்ளே இறங்கியது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்ததால் தப்பினார். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தோல் வழன்றுவிட்டது. வண்டியை மீட்கப் போனவர்களில் நானும் ஒருவன். நிறுத்தத்துத் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரிடம் நான்தான் அந்தத் தகரத்தை அடித்தவன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. “இதை ஒழுங்கா சரி பண்ண எத்தனை நேரம் ஆகும் தம்பி?” என்று கேட்டார். “ரெண்டு நாள் ஆகும்மா” என்றேன். “ரெண்டு நாள் இந்த வண்டி வரலைன்னா நான் நடந்தே போயிருப்பேனே” என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை மனதில் சுமக்கிறேன். பூக்கூடையோடு அவரை நடக்கவைப்பது அநியாயம். உளுத்த பலகைமேல் நிற்கவைப்பது அதைவிட அநியாயம். இரண்டில் ஒன்றை அவர் தலையில் கட்டாமல் இருக்க ஒரே வழி, பணிமனையில் மாற்று வண்டி இருப்பதுதான். பழைய பேருந்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். வயதான வண்டியை நல்லபடியாக ஓட்ட முடியும். அதை அவ்வப்போது நிற்கவிட வேண்டும்.

இதற்குச் சாட்சி எஃப்.சி. எட்டு வயதைத் தாண்டிய பேருந்து ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சில நாள் மட்டும் வண்டிக்குப் பணிமனையில் ராஜமரியாதை. பலகை மாறும், பிரேக் லைனிங் மாறும், பட்டைகள் இறக்கிக் கட்டப்படும், பெயின்ட் அடிக்கப்படும். அதே ஆட்கள், அதே கருவிகள். சட்டம் வண்டியை நிற்கவைத்தது, அதனால் வேலை நடந்தது. எஃப்.சி. முடிந்து வெளியே போகும் வண்டிக்கு மறுபடி குழிமேல் நிற்க நாள் கிடைக்க ஓராண்டு ஆகும். 48 மணி நேர ஆய்வையும் நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகள் சுமார் 20,000. இரண்டு நாளில் அத்தனையையும் பார்த்துவிடலாம். பார்த்துக் கண்டுபிடித்த பழுதைச் சரிசெய்ய வண்டி மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நிற்க வேண்டும். அதற்கு அனுமதி யார் தருவது?

பணம் இல்லை என்பார்கள். பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அன்று 70 ரூபாய்க்குக் கீழே இருந்த ஒரு லிட்டர் டீசல் பிறகு 90-ஐத் தாண்டியது. கட்டணத்தை ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்டும் 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்கள். வீட்டுவேலைக்கும் கடைவேலைக்கும் போகிற எத்தனையோ பெண்களின் மாதச் சம்பளத்தில் டிக்கெட் பணம் மிஞ்சுகிறது. அந்தப் பயணத்துக்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறது. அப்படிக் கொடுக்கும்போதே பராமரிப்புக்கு என்று ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி, அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று விதி செய்யலாம். உதிரிபாகம் வாங்கக் காசில்லாமல், நிற்கும் ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி ஓடும் வண்டிக்கு மாட்டுகிற வேலையை நான் பல முறை செய்திருக்கிறேன். அப்படிச் செய்தால் நிற்கும் வண்டி மறுபடி எழுந்திருக்காது.

புதுப் பேருந்துகள் வருகின்றன, மகிழ்ச்சிதான். சென்னையில் 2024 ஆகஸ்ட்டில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதியும் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புது வண்டியும் முதல் மழையிலேயே பழசாகத் தொடங்கிவிடும். மின்சார வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாமல் இருக்கலாம். பலகை, பிரேக், கதவு, சீட், சக்கரக் குடம் எல்லாம் அதிலும் உண்டு. அந்த வண்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி, ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாருக்குப் பணம் கொடுக்கிறோம். தனியார் வண்டிக்குக் கையெழுத்து வாங்கி எழுதிக்கொள்கிற ஒன்றை, நம் சொந்த வண்டிக்கு நாமே ஏன் எழுதிக்கொள்ளக் கூடாது?

என் அனுபவத்திலிருந்து நான்கு காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, நூறு பேருந்து ஓடும் பணிமனையில் பத்து மாற்று வண்டிகள் இருக்க வேண்டும். அவை வழித்தடத்துக்கு ஒதுக்கப்படாதவையாக, ஓடும் நிலையில் உள்ளவையாக இருக்க வேண்டும். கழித்துக்கட்டக் காத்திருக்கும் வண்டிகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, பிரேக், ஸ்டியரிங், டயர், தரை ஆகிய நான்கில் எதைப் பற்றி ஓட்டுநர் லாக் ஷீட்டில் எழுதினாலும், அது சரியாகும்வரை அந்த வண்டி வெளியே போகக் கூடாது. ரத்தான சிங்கிளுக்கு அவரிடமோ தொழில்நுட்பப் பணியாளரிடமோ விளக்கம் கேட்கக் கூடாது. மூன்றாவது, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பர் முடிவதற்குள், ஒவ்வொரு வண்டியின் தரையையும் கீழிருந்து பார்த்து முடிக்க வேண்டும். வெள்ளத்தில் இறங்கிய வண்டி என்றால் குடத்தைத் திறக்காமல் அனுப்பக் கூடாது. நான்காவது, காலியாகக் கிடக்கும் தொழில்நுட்பப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து அப்ரென்டிஸாக வந்து, எங்களிடம் வேலை கற்றுக்கொண்டு, ஓராண்டு முடிந்ததும் வேலை இல்லாமல் திரும்பிப் போன பையன்களை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குக் காதை வைத்தே பேரிங்கின் கோளாறு சொல்லும் திறமை இருந்தது.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டி வராத நாளில் நாம் கோபப்படுகிறோம். ஆடும் பலகைமேல் கால் வைத்துக்கொண்டு போகும் நாளில் ஒன்றும் சொல்வதில்லை. பலகை ஆடினால் நடத்துநரிடம் சொல்லுங்கள், லாக் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதாக எழுதப்பட்ட ஒரு வரி, குழிக்குள் நிற்கும் என்னைப் போன்றவன் கைக்குப் பலம். வண்டியை நிறுத்திவை என்று மேலே சொல்ல அது அவனுக்கு ஒரு காரணம்.

அந்த இரவில் அப்படி ஒரு காரணம் என்னிடம் மூன்று நாளாக எழுத்தில் இருந்தது. மாற்று வண்டி மட்டும் இல்லை. இன்றைக்கு ஏதோ ஒரு பணிமனையில், டார்ச் அடித்துத் துருவைப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்கும் ஒருவன் இருப்பான். அவன் தகரத்தைத் தேடிப் போகாமல் சீட்டின் போல்ட்டைக் கழற்றத் தொடங்க வேண்டும். அதற்கு, 4.40 வண்டிக்குப் பதிலாக வாசலில் இன்னொரு வண்டி தயாராக நிற்க வேண்டும்.