நானூறு மீற்றரும் நம் வீட்டுப் பெண்களும்

வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தவர் எவரும் இக்காட்சியைக் காணத் தவறார். புகையிரதப் பாதையைக் கடந்து வரும் இளைஞர் மேலாடையைக் கழற்றிக் கல்லின்மீது வைத்துவிட்டு நீரில் இறங்குகின்றனர். அவர்தம் சகோதரிகளோ செருப்பைக் கையில் ஏந்திக் கணுக்கால் நனையும்வரை செல்கின்றனர். அலை வந்ததும் சிரித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். கணுக்காலளவான அந்த ஒரு சாண் நீரே கொழும்புத் தமிழ்ப் பெண்ணுக்கு நம் சமூகம் அளந்து கொடுத்துள்ள சமுத்திரம். இதனை நான் வேடிக்கையாகக் கூறவில்லை, குற்றச்சாட்டாகவே கூறுகின்றேன்.

2024ஆம் ஆண்டு யூலை 27ஆம் திகதி, நம் நேரப்படி நள்ளிரவு கடந்தபின், பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் பெண்களுக்கான 400 மீற்றர் சுயாதீன நீச்சலின் இறுதிப் போட்டி நடைபெற்றது. வீட்டார் உறங்கிய பின் கைத்தொலைபேசியின் ஒலியை அடக்கிவிட்டு அதனைப் பார்த்தேன். ஐம்பது மீற்றர்த் தடாகத்தில் நான்கு முறை போய் வரல், அவ்வளவே. அவுஸ்திரேலியாவின் ஆரியான் டிட்மஸ் 3 நிமிடம் 57.49 செக்கனில் முதலிடம் பெற்றார். கனடாவின் சமர் மக்கின்டொஷ் இரண்டாமவர். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி மூன்றாமவர். நூறு மீற்றர்ப் போட்டியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்துவிடலாம். நானூறில் அது செல்லாது. முதல் நூறில் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது நூறில், உடல் "போதும்" என்று கெஞ்சும் வேளையில், அதனை மறுத்துரைக்க வேண்டும். வேகமும் பொறுமையும் ஒருங்கே வேண்டப்படும் தூரம் அது. நம் பெண்களிடம் பொறுமையை நாம் கேளாத நாளில்லை; அதனோடு சேர்த்து வேகத்தையும் எவரேனும் கேட்டதுண்டா?

டிட்மஸின் வெற்றி அவருக்கு இப்போட்டியில் தொடர்ச்சியான இரண்டாவது ஒலிம்பிக் வெற்றி. அவருக்கு முன் அவ்வாறு வென்ற பெண் அமெரிக்கரான மார்த்தா நொரேலியஸ் ஒருவரே. 1924, 1928 ஆகிய ஆண்டுகளில். 1924ஆம் ஆண்டுப் போட்டியும் இதே பாரிஸ் நகரிலேயே நடந்தது. ஒலிம்பிக் விழாவில் பெண்கள் 400 மீற்றர் நீந்தியது அதுவே முதன்முறை. நொரேலியஸ் எடுத்த நேரம் 6 நிமிடம் 2.2 செக்கன். நூறு ஆண்டுகளில் இரண்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட நேரம் குறைந்துள்ளது. பெண்ணின் உடல் நூறாண்டிலே மாறிவிட்டதா? இல்லை. அவ்வுடலைப் பற்றி ஆண்கள் சொல்லிவந்த பொய்களே ஒவ்வொன்றாகக் கழன்று வீழ்ந்தன.

அப்பொய்களின் வரலாறு சுவையானது. 1908ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் ஆண்கள் 1500 மீற்றர் நீந்தினர். பெண்களுக்கு 1912இல் தடாகம் திறக்கப்பட்டபோது அவர்களுக்குத் தனிப்போட்டியாகக் கிடைத்தது நூறு மீற்றர் மட்டுமே. அதற்கப்பால் நீந்தினால் பெண்ணுடல் தாங்காது, தாய்மைக்குக் கேடு என்று அக்கால மருத்துவரும் நிர்வாகிகளும் ஓதிக்கொண்டிருந்தனர். 1924இல் நொரேலியஸுக்குப் பின்னால் மூன்றாமவராக வந்த கேர்ட்ரூட் எடர்லி என்ற பெண், இரண்டே ஆண்டுகளின் பின் ஆங்கிலக் கால்வாயைப் பதினான்கரை மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அதுவரை அதனைக் கடந்த எந்த ஆணும் எடுத்த நேரத்தினும் அது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. இதற்குப் பின்னராவது வாயடைத்தனரா என்றால், இல்லை. 1928இல் அம்ஸ்ரர்டாமில் பெண்கள் 800 மீற்றர் ஓடி முடித்துக் களைப்பாறியதைக் கண்ட பத்திரிகைகள் "மயங்கி வீழ்ந்தனர்" என்று மிகைப்படுத்தி எழுத, அவ்வோட்டம் 1960 வரை ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஓடி முடித்த ஆண் தரையில் வீழ்ந்தால் அது வீரம். பெண் வீழ்ந்தால் அது நோய்! நீச்சலில் பெண்களுக்கு 800 மீற்றர் கிடைத்தது 1968இல். 1500 மீற்றர் கிடைத்தது 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ விழாவில். அது நடந்தது 2021இல். ஆண்களுக்கு வழங்கிய தூரத்தைப் பெண்களுக்கு வழங்க ஒலிம்பிக் நிர்வாகிகளுக்கு 113 ஆண்டுகள் தேவைப்பட்டன.

மேலைத்தேயத்தார் இந்த வாதத்திலே தோற்றுவிட்டனர். தண்ணீரிலே தோற்கடிக்கப்பட்டனர் என்பதே பொருந்தும். ஆனால் அங்கே தோற்ற அதே வாதம் இங்கே, காலி வீதியின் இருமருங்கிலுமுள்ள மாடிக் குடியிருப்புகளில், வேறு சொற்களில் இன்றும் உயிர்வாழ்கிறது. "கறுத்துப் போவாள்", "தோள் அகன்றுவிடும்", "தலைமயிர் கொட்டிவிடும்", "நாளைக்கு யார் கேட்டு வருவார்கள்?" மருத்துவர் தாய்மையைக் காட்டி மறித்தார், நம்மவர் கலியாணத்தைக் காட்டி மறிக்கின்றனர். மறிக்கப்படும் உடல் ஒன்றுதான்.

இவ்விடத்தில் நானூறு மீற்றரை நான் ஏன் தேர்ந்தேன் என்பதைக் கூறவேண்டும். எமது நாட்டுப் பெண்கள் ஒலிம்பிக் தடாகத்தில் இறங்காமல் இல்லை. றியோவில் கிமிக்கோ ரஹீம், டோக்கியோவில் அனிக்கா கபூர், பாரிஸில் கங்கா செனெவிரத்ன ஆகியோர் நீந்தினர். மூவரும் நீந்தியது நூறு மீற்றர். அவர்களைக் குறைத்து மதிப்பிட எனக்கு என்ன தகுதி உண்டு? எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நானூறு மீற்றருக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி மூச்சிலிருந்தே பிறக்கிறது. அந்த மூச்சை ஓராண்டில் வளர்த்துவிட முடியாது. பத்து வயது தொடக்கம் பதினாறு, பதினேழு வயது வரை, இடைவெளியின்றி, அதிகாலைதோறும் நீரில் கழிந்த ஆண்டுகளே அதனை உண்டாக்குகின்றன. மக்கின்டொஷ் டோக்கியோவில் இதே போட்டியில் நான்காவதாக வந்தபோது அவருக்கு வயது 14; பாரிஸில் 17. 1972இல் மியூனிச்சில் இதனை வென்ற ஷேன் கூல்டுக்கு வயது 15. 2012இல் லண்டனில் 800 மீற்றரை வென்ற லெடெக்கிக்கும் வயது 15. ஆகவே, ஒரு சமூகம் தன் பெண்பிள்ளைகளைப் பத்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை நீரில் இருக்க விட்டதா இல்லையா என்பதை இந்தத் தூரம் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறது.

நாம் விடவில்லை. நம் வீடுகளில் நிகழ்வது யாது? ஏழெட்டு வயதில் பிள்ளையை நீச்சலுக்கு அனுப்புகிறோம், படம் எடுக்கிறோம், வெளிநாட்டிலுள்ள மாமிமாருக்கு அனுப்புகிறோம். பன்னிரண்டு, பதின்மூன்றில் அவள் பெரிய பிள்ளையாகிறாள். மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்கிறோம். அதன்பின் நீச்சலுடை அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. தொடர்ந்து சாதாரண தரப் பரீட்சை வருகிறது. காலையிலும் மாலையிலும் ரியூசன் வகுப்புகள் வருகின்றன. எந்த ஆண்டுகளில் மூச்சு வளரவேண்டுமோ அதே ஆண்டுகளை நாம் வெட்டி எடுத்துவிடுகிறோம். அண்ணனுக்கும் அதே பரீட்சைதான். அவனுடைய கிரிக்கட் பயிற்சி உயர்தரம் வரை தொடர்கிறது. இதனைப் பெற்றோர் கல்வியின் பெயரால் நியாயப்படுத்தும்போது எனக்குச் சிரிப்பே வருகிறது. நானும் பன்னிரண்டு வயதில் நிறுத்தப்பட்டவளே. நின்றுபோன அந்தக் காலைகளில் நான் ஒன்றும் கூடுதலாகப் படித்துவிடவில்லை, உறங்கினேன்.

ஒரு நியாயத்தை மறைப்பது நேர்மையாகாது. போர்க்காலத்தில், சோதனைச் சாவடிகளும் திடீர்த் தேடுதல்களும் நிறைந்திருந்த இந்நகரில், விடியுமுன் ஒரு தமிழ்ப் பிள்ளையை வீதிக்கு அனுப்ப எந்தத் தாய் துணிந்திருப்பாள்? அந்த அச்சத்தை நான் பழிக்கேன். என் அன்னையின் இளமை அதற்குள்ளேயே கழிந்தது. ஆனால் போர் 2009இல் முடிந்தது. அச்சம் ஆண்பிள்ளைகளை விட்டு நீங்கிவிட்டது; பெண்பிள்ளைகள்மீது மட்டும் வழக்கமாக உறைந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. சுகததாச விளையாட்டரங்கத் தொகுதியின் நீச்சல் தடாகம் அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளது. ஆயினும் துறைமுகத்தையும் சிறு கடைகளையும் நம்பி வாழும் குடும்பத்தின் பெண்ணுக்கு அத்தூரம் வெள்ளவத்தைக்காரியின் தூரத்தினும் நெடியது. பயிற்றுநருக்குக் காசு வேண்டும். உடைக்கு, கண்ணாடிக்குக் காசு வேண்டும். காலையில் தம்பியைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்த அவளுக்குப் பதிலாக ஒரு கை வேண்டும். வெள்ளவத்தையில் மானம் மறிக்கிறது. கொட்டாஞ்சேனையில் வறுமை மறிக்கிறது. வறுமை சற்றே தளர்ந்த வீட்டில் மானம் உடனே வந்து அவ்விடத்தை நிரப்பிக்கொள்கிறது.

இதனை நான் சிற்றுண்டிச்சாலையிலே கூறியபோது முற்போக்காளரான நண்பர் ஒருவர், "சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் நீச்சல் ஒரு மேட்டுக்குடி ஆடம்பரம்" என்று தீர்ப்பளித்தார். நண்பரே, 2004 டிசம்பர் 26ஆம் திகதியை மறந்துவிட்டீரா? ஆழிப்பேரலை தாக்கிய பல இடங்களில் ஆண்களினும் பெண்களே மிகுதியாக மாண்டனர். இலங்கையில் நீந்தலும் மரமேறலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே கற்பிக்கப்பட்டமை அதற்கான காரணங்களுள் ஒன்று என 2005இல் ஒக்ஸ்பாம் நிறுவனத்தின் அறிக்கை சுட்டியது. அவ்வாறு மாண்டவர்கள் மேட்டுக்குடியினர் அல்லர். மீனவர் குடிசைப் பெண்கள். பெண்ணுக்கு நீரை ஆடம்பரம் என்று சொல்வோர் தீவில் வாழ்கிறோம் என்பதையே மறந்தவர்கள். உயிர் பிழைக்கும் அளவுக்குக் கற்றால் போதாதா என்று நண்பர் அடுத்துக் கேட்கக்கூடும். ஆணிடம் எவரும் அவ்வாறு கேட்பதில்லையே! அவன் பிழைப்பதற்காக மட்டும் நீந்துவதில்லை; வெல்வதற்காகவும் நீந்துகிறான்; ஒன்றுக்குமாகாமலும் நீந்துகிறான்.

"நமது பண்பாடு" என்போருக்கு ஒரு சொல். மேடைதோறும் சங்கத் தமிழ் என்று முழங்குகிறோம். பரிபாடலின் வையைப் பாடல்கள் யாரைப் பாடுகின்றன? புதுப்புனலில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே இறங்கி ஆடிய விழாவையன்றோ! அதனைப் பரீட்சைக்குப் படித்துச் சித்தியெய்திய தமிழ்ச் சிறப்புப் பட்டதாரிகள்தாம் தம் புதல்வியரைக் கரையில் நிறுத்துகின்றனர். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971இல் அதனை நீந்திப் போய்த் திரும்பி, 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர்நீத்த ஆழிக்குமரன் ஆனந்தனையும் நம் இனத்தின் பெருமை என்கிறோம். உண்மை, பெருமைதான். அந்தப் பெருமை ஏன் மகன்மாருக்கு மட்டும் முதுசமாகியது? ஆங்கிலக் கால்வாயை 1959இல் கடந்து ஆசியப் பெண்களுள் முதல்வரானவர் ஆரதி சாஹா என்ற வங்காளப் பெண். 2004இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியவர் புலா சௌதுரி. அவரும் வங்காளப் பெண். நம் வாசலிலுள்ள நீரிணையைக் கடக்கக் கல்கத்தாவிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது. நாம் கைதட்டினோமோ என்னவோ, வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளவத்தையின் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் மூர்க்கமானது; கல்லும் சுழியும் உள்ளது. யாரையும் அதனுள் குதிக்கச் சொல்லவில்லை. இதே கரையில் 1940களின் தொடக்கத்திலேயே கின்றோஸ் நீச்சல் உயிர்காப்புக் கழகம் தோன்றியது. இக்கடலை அறிந்து பழகலாம் என்பதற்கு அதுவே சான்று. நான் கேட்பது அரைகுறைச் சலுகையன்று. பன்னிரண்டு வயதில் நிறுத்தாதீர்கள். மகனுக்கு விட்ட காலைகளை மகளுக்கும் விடுங்கள். தமிழ்ச் சங்கங்கள் பெண்ணுரிமைப் பட்டிமன்றத்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் சிலருக்கேனும் ஆண்டு முழுவதும் தடாகக் கட்டணம் செலுத்துங்கள். எமது சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். இவ்விதழைத் தொகுப்போர் இவ்வரியை நீக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

என் தங்கைக்கு இப்போது பதினொரு வயது. கடந்த மாதம் அவள் முதன்முறையாக நானூறு மீற்றரை எங்கும் நில்லாது நீந்தி முடித்தாள். ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். கரையேறியதும் அவள் என்னிடம் கேட்டது நேரத்தையன்று, "அக்கா, அடுத்த வருஷமும் வரலாமா?" என்றே கேட்டாள். அடுத்த ஆண்டுக்கான விஞ்ஞான ரியூசன் அட்டவணை வீட்டுக்கு வந்துவிட்டது. செவ்வாயும் சனியும், காலை ஆறு மணி. தடாகத்தில் அவளுக்குரிய நேரமும் அதுவே. அம்மா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறார். நான் இருமுறை அதனைக் கிழித்தெடுத்தேன். மூன்றாம் முறையும் ஒட்டப்பட்டுள்ளது.